இரண்டு சேனல்கள், ஒரு குறுங்கேபிள்: நான்கு உள்ளீட்டு வால்வு ஆம்ப் ஒன்றின் தொனி குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்குக் காரணமாக இருந்தது 50 வாட் திறனும் நான்கு உள்ளீட்டு ஜாக்குகளும் கொண்ட ஒரு வால்வு ஆம்ப், அதாவது வெற்றிடக் குழாய்களால் இயங்கும் கிட்டார் ஒலிபெருக்கி. மார்ஷல் நிறுவனத்தின் 1987 என்னும் மாடலின் சுற்றுப்படத்தைப் பின்பற்றி, யாரோ ஒருவர் பொறுமையாகக் கையால் கட்டிய ஆம்ப் அது. 1987 என்பது ஆண்டு அல்ல, அந்நிறுவனத்தின் பட்டியல் எண். இதே குடும்பத்தின் 100 வாட் மாடலுக்கு 1959 என்று எண் கொடுத்துவிட்டு 1965-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள் என்பதால், புதியவர்கள் குழம்புவதில் வியப்பில்லை.

ஆம்ப்பைக் கொண்டுவந்த கிட்டாரிஸ்ட் நண்பரின் குறை எளிமையானது. முதலாவதான பளிச் சேனலில் வாசித்தால் ஒலி காதைக் குத்துகிறது, இரண்டாவதான நார்மல் சேனலில் வாசித்தால் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிக் கிடக்கிறது, இரண்டுக்கும் நடுவே ஒன்று வேண்டும் என்றார். இரண்டு சேனல்களையும் ஒரு சிறு கேபிளால் இணைத்து வாசிக்கும் பழைய வழக்கத்தை அவரும் கேள்விப்பட்டிருந்தார். ஆனால் அப்படி இணைத்தபோது வீட்டில் பிரமாதமாகவும் குழுவோடு வாசிக்கையில் சேறாகவும் கேட்டது ஏன் என்பதே அவருடைய உண்மையான கேள்வி. அதற்கு விடை தேடியதில், இணைத்தல் என்று நாம் சொல்வது இரண்டு தொனிகளைக் கலக்கும் செயலைக் காட்டிலும், டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) பிறக்கும் இடத்துக்கு முன்னால் ஒரு பேஸ் (தாழ் ஒலி) கட்டுப்பாட்டைப் புதிதாகப் பெறும் செயல் என்ற முடிவுக்கு வந்தேன்.

இந்த அமைப்பின் பிறப்பைச் சற்றுப் பார்த்துவிடுவது நல்லது. ஜிம் மார்ஷலின் கடையில் கென் பிரானும் டட்லி கிரேவனும் சேர்ந்து 1962-ல் லண்டனில் உருவாக்கிய ஜேடிஎம்45 என்னும் ஆம்ப், ஃபெண்டர் நிறுவனத்தின் 5எஃப்6-ஏ பேஸ்மேன் ஆம்ப்பின் சுற்றமைப்பை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. பேஸ்மேனில் இருந்த இரண்டு சேனல்களும் நான்கு ஜாக்குகளும் அதன் வழியாகவே மார்ஷலுக்கு வந்து சேர்ந்தன. ஒரே ஆம்ப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளைச் செருகுவதற்கு வசதி என்பதுதான் அக்கால ஆம்ப்களில் இத்தனை ஜாக்குகள் இருந்ததன் நோக்கம். ஒரே கிட்டாரை இரண்டு சேனல்களிலும் ஓட்டுவது வாசிப்பவர்கள் பின்னாளில் கண்டுபிடித்துக்கொண்ட பயன். பேஸ்மேனிலும் ஜேடிஎம்45-லும் இரண்டு சேனல்களின் முதல் பெருக்க நிலையும் ஒரே கேத்தோடு மின்தடையை (வால்வின் கேத்தோடு முனையில் உள்ள மின்தடை) பகிர்ந்துகொண்டதால், அவற்றுக்கிடையே வேறுபாடு குறைவாகவே இருந்தது. மார்ஷலின் பிற்காலச் சூப்பர் லீட் வகைச் சுற்றில்தான் இரண்டும் உண்மையாகவே பிரிந்து, வெவ்வேறு குணம் கொண்டன. நம் கையிலிருந்த ஆம்ப் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

இணைக்கும் முறை பலருக்கும் தெரிந்ததே. கிட்டார் கேபிள் முதல் சேனலின் அதிக உணர்திறன் ஜாக்கில் (மேல் ஜாக்) போகிறது. முதல் சேனலின் குறைந்த உணர்திறன் ஜாக்கிலிருந்து (கீழ் ஜாக்) இரண்டாம் சேனலின் அதிக உணர்திறன் ஜாக்குக்கு ஒரு சிறு பேட்ச் கேபிள் குறுக்காகப் போகிறது. ஆனால் அந்த நேரத்தில் உள்ளே நடப்பதைச் சுற்றுப்படத்தில் விரல் வைத்துத் தொடர்ந்தால், பலர் நினைப்பதுபோல் சிக்னல் இரண்டாகச் சமமாகப் பிரிவதில்லை என்பது புலப்படும். ஒவ்வொரு ஜாக்குக்கும், வால்வில் சிக்னல் நுழையும் முனையான கிரிட்டுக்கும் இடையே 68 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருக்கிறது. வழக்கமாக மேல் ஜாக்கில் மட்டும் செருகினால் இந்த இரண்டு மின்தடைகளும் இணையாகச் சேர்ந்து 34 கிலோ ஓம் ஆகின்றன. கீழ் ஜாக்கிலும் கேபிள் நுழைந்தவுடன் அந்த இணைப்பு அறுந்து, சிக்னல் முதல் 68 வழியாக முதல் சேனலின் கிரிட்டுக்கும், அங்கிருந்து இரண்டாவது 68 வழியாக வெளியேறி அடுத்த சேனலுக்கும் போகிறது. ஆகவே இரண்டாம் சேனல் 136 கிலோ ஓமுக்குப் பின்னால் நின்றுதான் கிட்டாரைக் கேட்கிறது. அங்குள்ள 1 மெகா ஓம் தரைமின்தடையோடு சேர்த்துக் கணக்கிட்டால் இழப்பு ஏறத்தாழ 1 டெசிபல்தான், அது பொருட்படுத்தத் தக்கதல்ல. பொருட்படுத்த வேண்டியவை இரண்டு.

முதலாவது, கேபிளின் நீளம். நண்பர் கையில் சிறு கேபிள் இல்லாததால் 3 மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கேபிளையே குறுக்கே போட்டிருந்தார். கிட்டார் கேபிளுக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் மின்தேக்குத்திறன் உண்டு என்று வைத்துக்கொண்டால், 300 பிகோஃபாரட் 136 கிலோ ஓமின் முனையில் தொங்குகிறது. அதுவே 4 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து உயர் அதிர்வெண்களைச் சரிக்கத் தொடங்கப் போதுமானது. முதல் சேனலின் கிரிட்டும் அதே கேபிளோடு 68 கிலோ ஓம் வழியாகப் பிணைந்திருப்பதால், பளிச்சென்ற சேனலும் சேர்ந்தே மங்குகிறது. ஒரு சாண் நீளமுள்ள பெடல் கேபிளை மாற்றிப் போட்டவுடன் நண்பர் புருவத்தை உயர்த்தினார். இரண்டாவது, கிட்டார் காணும் சுமை. தனிச் சேனலில் 1 மெகா ஓமாக இருந்த உள்ளீட்டு மின்தடை, இணைத்தபின் சுமார் 530 கிலோ ஓமாகப் பாதியாகிறது. 500 கிலோ ஓம் குமிழ்கள் கொண்ட ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிட்டாரில் இதனால் உச்சி ஒலியின் கூர்மை லேசாகக் குறையும். 250 கிலோ ஓம் குமிழ்கள் கொண்ட சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) கிட்டாரில் கண்டுபிடிப்பதே கடினம்.

செருகும் வரிசைக்கும் பொருள் உண்டு. கிட்டாரை நார்மல் சேனலில் செருகி, அங்கிருந்து பளிச் சேனலுக்கு கேபிள் போட்டால், கூர்மை எந்தச் சேனலிடமிருந்து வரவேண்டுமோ அந்தச் சேனலே 136 கிலோ ஓமுக்குப் பின்னால் தள்ளப்படுகிறது. முதல் நிலை வால்வின் உள்ளீட்டு மின்தேக்குத்திறன் 100 முதல் 150 பிகோஃபாரட் என்று கொண்டு, அந்தச் சேனலின் சொந்த 34 கிலோ ஓமையும் சேர்த்தால், அதன் வெட்டு அதிர்வெண் (ஒலி குறையத் தொடங்கும் எல்லை) ஏறத்தாழ 6 முதல் 9 கிலோ ஹெர்ட்ஸுக்கு இறங்கும். கிட்டார் ஸ்பீக்கர்கள் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக விழுந்துவிடுவதால் இதைப் பேரிழப்பு என்று சொல்லமாட்டேன். ஆனாலும் விலையில்லாமல் தவிர்க்கக்கூடிய இழப்பை ஏன் ஏற்க வேண்டும்?

சேனல்களின் குணம் எங்கே பிரிகிறது

இனி ஆம்ப்பின் உள்பக்கம். சுற்றுப்படத்திலிருந்தே இதைப் படிக்கலாம், பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் வடிகட்டு மின்தேக்கிகளில் பல நூறு வோல்ட் தங்கியிருக்கக்கூடிய பெட்டியை, அதில் பழக்கமில்லாதவர் திறக்கவும் கூடாது.

பளிச் சேனலின் முதல் நிலையில் கேத்தோடு மின்தடை 2.7 கிலோ ஓம், அதன் மேல் 0.68 மைக்ரோஃபாரட், அதற்குப் பின் வரும் இணைப்பு மின்தேக்கி 0.0022 மைக்ரோஃபாரட். நார்மல் சேனலில் இவை முறையே 820 ஓம், 250 மைக்ரோஃபாரட் அல்லது அதற்கு மேல், 0.022 மைக்ரோஃபாரட். 0.0022 மைக்ரோஃபாரட்டும் 1 மெகா ஓம் வால்யூம் குமிழும் சேர்ந்தால் வெட்டு அதிர்வெண் 72 ஹெர்ட்ஸ். கிட்டாரின் தாழ்ந்த ஈ (E) தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்வதால், பளிச் சேனல் அந்தத் தந்தியின் அடிச்சுரத்தைத் தொடக்கத்திலேயே மெலியச் செய்துவிடுகிறது. நார்மல் சேனலின் வெட்டோ 7 ஹெர்ட்ஸ் அளவில்தான் இருக்கிறது, அதாவது எதையும் வெட்டுவதில்லை. போதாததற்குப் பளிச் சேனலின் வால்யூம் குமிழின் மேல் 0.005 மைக்ரோஃபாரட் அளவில் ஒரு மின்தேக்கி உட்கார்ந்திருக்கிறது. குமிழ் தாழ்ந்திருக்கும்போது சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எல்லாமே குமிழைச் சுற்றிக்கொண்டு முழு அளவில் போய்விடுகின்றன. ஆகவே குமிழைத் திருகினால் கூடுவது பெரும்பாலும் பேஸும் நடு ஒலிகளின் கீழ்ப்பகுதியும்தான். ஒலியைக் குறைத்து வாசிக்கும்போதுதான் இந்த ஆம்ப் அதிகமாகக் குத்துகிறது என்று நண்பர் சொன்ன புதிருக்கு விளக்கம் இதுவே.

இரண்டு சேனல்களும் சந்திக்கும் இடத்தில்தான் விஷயம் சுவையாகிறது. ஒவ்வொரு வால்யூம் குமிழிலிருந்தும் 470 கிலோ ஓம் மின்தடை ஒன்று வந்து பொதுப் புள்ளியில் சேர்கிறது. அந்தப் புள்ளி இரண்டாம் நிலை வால்வின் கிரிட்டுக்குப் போகிறது. பளிச் சேனலின் 470 கிலோ ஓமுக்கு இணையாக 470 பிகோஃபாரட் மின்தேக்கி ஒன்றும் உண்டு. இப்போது பளிச் சேனலை மட்டும் வாசிப்பதாக வைத்துக்கொள்வோம். நார்மல் சேனலில் எதுவும் செருகவில்லை, அதன் குமிழ் பூச்சியத்தில் இருக்கிறது. அந்தக் குமிழின் வழியே நார்மலின் 470 கிலோ ஓம் தரையைத் தொடுவதால், பொதுப் புள்ளியில் பளிச் சேனலின் சிக்னல் பாதியாகிறது, அதாவது 6 டெசிபல் விழுகிறது. ஆனால் அந்த வீழ்ச்சி சுமார் 700 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். அதற்கு மேல் போகப்போக 470 பிகோஃபாரட் மின்தேக்கி குறுக்குவழி கொடுத்து உயர் ஒலிகளை முழுதாகக் கடத்திவிடுகிறது. பளிச் சேனலின் கூச்சலுக்குப் பாதிக் காரணம் வாசிக்கப்படாமல் சும்மா கிடக்கும் நார்மல் சேனல்தான்.

எதிர்ப்பக்கமும் அப்படியே. நார்மல் சேனலை மட்டும் வாசித்தால், அதே 470 பிகோஃபாரட் மின்தேக்கி பொதுப் புள்ளியிலிருந்து பளிச் சேனலின் பக்கமாக உயர் ஒலிகளை வடித்துவிடுகிறது. கணக்கில் வெட்டு 1.4 கிலோ ஹெர்ட்ஸ் அருகே வருகிறது. பளிச் குமிழை எங்கே வைத்தாலும், அதன் மேலுள்ள பெரிய மின்தேக்கியின் காரணமாக இது பெரிதாக மாறுவதில்லை. ஆக, ஒரு சேனல் குத்துவதற்கும் மற்றது மங்குவதற்கும் ஒவ்வொன்றின் தனிக்குணம் மட்டும் காரணமல்ல. ஒன்றை மற்றொன்று இழுத்துக்கொண்டிருப்பதும் காரணம். நண்பர் இவ்வளவு காலமும் ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாகக் குறை கூறிக்கொண்டிருந்தார்.

கேபிள் போட்டு இணைத்தவுடன் இந்த இழுபறி தளர்கிறது. இரண்டு பக்கமும் ஒரே கட்டத்தில், அதாவது அலைகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும்படி, சிக்னல் வருவதால், தாழ் ஒலிகளில் பளிச் சேனல் இழந்த 6 டெசிபல்வரை திரும்பக் கிடைக்கிறது. அதற்கும் கீழே, 100 ஹெர்ட்ஸ் பகுதியில், நார்மல் சேனல் தன் பங்கைக் கூடுதலாகத் தருகிறது. 1.4 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே அனேகமாகப் பளிச் சேனலின் ஆட்சியே தொடர்கிறது. நார்மல் குமிழைத் திருகும்போது நாம் செய்வது, 1 கிலோ ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட பகுதியை இரண்டாம் நிலைக்கு முன்னால் உயர்த்துவதும் தாழ்த்துவதுமே.

கேட்டுப் பார்த்த விதம்

முதல் நாள் இரண்டு வால்யூம் குமிழ்களையும் 6-ல் வைத்து இணைத்தோம். அறையில் இருந்த எல்லோருக்கும் பிடித்துப்போனது. எனக்கும்தான். ஆனால் இரண்டு சேனல்கள் சேர்ந்தபோது ஒலி பெருத்திருந்தது என்பதையும், பெருத்த ஒலியில் மனிதக் காது பேஸை அதிகமாகக் கேட்கும் என்பதை ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள் என்பதையும் நினைத்தபோது, அந்த மகிழ்ச்சியின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இந்த ஆம்ப்பில் மாஸ்டர் வால்யூம் கிடையாது என்பதால் ஒலி அளவை மட்டும் தனியாகக் குறைக்க வழியில்லை. ஆகவே ஸ்பீக்கரின் முன் ஒரு மைக்கை அசையாமல் நிறுத்தி, லூப்பர் பெடலில் பதிந்த ஒரே வாசிப்பை ஒவ்வொரு அமைப்பிலும் ஓட்டிப் பதிவுசெய்து, பிறகு எல்லாப் பதிவுகளையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவந்து, எது எதுவென்று தெரியாமல் கேட்டோம்.

இந்த முறையில் ஒரு ஓட்டை உண்டு. லூப்பர் பெடலின் வெளியீடு வலுவானது என்பதால், உள்ளீட்டுச் சுமை பாதியாவதன் விளைவு அதில் தெரியவே தெரியாது. அதைக் கிட்டாரை நேரடியாகச் செருகித் தனியாகக் கேட்டுக்கொண்டோம். ஹம்பக்கரில் சிறிய வேறுபாடு இருந்தது, உச்சி ஒலிக்கான பிரசென்ஸ் குமிழை ஒரு நூல் கூட்டியதில் அது தீர்ந்தது.

அளவைச் சமப்படுத்திய பிறகு, முதல் நாள் அமைப்பின் கவர்ச்சி பெரும்பாலும் கரைந்துவிட்டது. தனிச் சுரங்களில் நிறைவு இருந்தது உண்மை. ஆனால் தாழ்ந்த தந்திகளில் பவர் கார்டு (இரு சுரங்களைச் சேர்த்து அடிப்பது) வாசிக்கும்போது ஒவ்வொரு அடியின் முனையும் மழுங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. குழுவோடு வாசிக்கும்போது கேட்ட சேறு இதுதான். நண்பர் உடனே செய்தது எல்லோரும் செய்வதையே: டோன் வரிசையில் இருந்த பேஸ் குமிழை 2-க்கு இறக்கினார். ஒலி மெலிந்தது, சேறு அப்படியே இருந்தது. ஏனெனில் இந்தச் சுற்றில் டோன் குமிழ்கள் இரண்டாம் வால்வுக்குப் பின்னால் இருக்கின்றன. அளவுக்கு மீறிய பேஸ் இரண்டாம் நிலையைத் திணறடித்து, தன் சிதைவை மேல் ஒலிகளிலும் பூசிவிட்ட பிறகு, மிச்சமிருக்கும் பேஸைக் குறைப்பதால் பயனில்லை. குழம்பில் கரைந்துபோன உப்பைக் கரண்டியால் அள்ள முடியாததைப் போன்ற நிலை அது.

பேஸ் குமிழை மீண்டும் 5-க்குக் கொண்டுவந்து, நார்மல் குமிழை 6-லிருந்து படிப்படியாக இறக்கினோம். 4-ல் அடிகளின் முனைகள் பிரியத் தொடங்கின. 3-க்குச் சற்றுக் குறைவான இடத்தில் ஒவ்வொரு அடியும் தனித்து நின்றது, கூச்சலும் திரும்பவில்லை. பளிச் குமிழ் 6-லேயே இருந்தது. சிங்கிள் காயில் கிட்டாரில் அதே நிறைவுக்கு நார்மலை 4-க்கும் மேலே ஏற்ற வேண்டியிருந்தது. ஹம்பக்கரைவிட அது அனுப்பும் தாழ் ஒலி குறைவு என்பதால் இது எதிர்பார்த்ததே. கிட்டாரை மாற்றும்போது தொட வேண்டிய குமிழ் ட்ரெபிள் அல்ல, நார்மல் வால்யூம்தான் என்பதை நண்பர் எழுதி வைத்துக்கொண்டார்.

இணையாத இணைப்பு

வெற்றியின் வேகத்தில் அவர் வேறொரு ஆம்ப்பையும் கொண்டுவந்தார். ஃபெண்டரின் ஏபி763 என்னும் டீலக்ஸ் ரிவர்ப் சுற்றைப் பின்பற்றிக் கட்டப்பட்டது அது. நார்மல், வைப்ரேட்டோ என்று இரண்டு சேனல்கள், நான்கு ஜாக்குகள், அதே குறுங்கேபிள். இணைத்தவுடன் ஒலி வெறுங்குடத்தைத் தட்டுவதுபோல் ஆனது. நார்மல் குமிழை ஏற்ற ஏற்ற ஒலி கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது.

இது பழுதல்ல. வால்வின் ஒவ்வொரு பெருக்க நிலையும் சிக்னலைத் தலைகீழாக்குகிறது. இந்தச் சுற்றில் நார்மல் சேனலுக்கு இரண்டு நிலைகள். வைப்ரேட்டோ சேனலிலோ ரிவர்ப் (எதிரொலி போன்ற முழக்கம்) ஒலியைக் கலப்பதற்காக மூன்றாவது நிலை ஒன்று கூடுதலாக இருக்கிறது. இரண்டு முறை கவிழ்ந்தது நிமிர்ந்து நிற்கும். மூன்று முறை கவிழ்ந்தது தலைகீழாக நிற்கும். இவ்விரண்டும் 220 கிலோ ஓம் மின்தடைகள் வழியே ஒரே புள்ளியில் சேரும்போது ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. இரண்டு சேனல்களின் டோன் குமிழ்களும் வெவ்வேறாக இருப்பதாலும் ரிவர்ப் ஒரு பக்கம் மட்டுமே இருப்பதாலும் முழு அமைதி வருவதில்லை. எங்கே இரண்டும் சமமோ அங்கே மட்டும் பள்ளம் விழுகிறது, அதனால்தான் அந்த வெறுங்குட ஒலி. ஒரு சேனலைத் திறக்கும்போது மொத்த ஒலி குறைந்தால் அவை எதிர்க்கட்டத்தில் இருக்கின்றன என்று எந்த ஆம்ப்பிலும் சோதித்துக்கொள்ளலாம்.

கட்டத்தைத் திருப்பும் சுவிட்ச் கொண்ட ஒரு பிரிப்பு பெடல் வழியாக இரண்டு சேனல்களுக்கும் தனித்தனியாக அனுப்பி, ஒன்றைக் கவிழ்த்தபோது அந்த ஆம்ப்பும் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் இங்கே கிடைத்தது மார்ஷல் வகைச் சுற்றில் கிடைத்த அந்த இயல்பான பங்கீடு அல்ல. ரிவர்ப் இல்லாத உலர்ந்த ஒலியை ரிவர்ப் ஒலியின் அடியில் சேர்த்துக்கொள்ளும் வசதி மட்டுமே. நண்பருக்கு அது பெரிதாக வேண்டியிருக்கவில்லை. பெடலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த ஆம்ப்பை ஒற்றைச் சேனலிலேயே வைத்துக்கொண்டார்.

முதல் ஆம்ப்பின் முன்பலகையில் நார்மல் குமிழருகே இரண்டு துண்டு டேப் ஒட்டியிருக்கிறார், கிட்டாருக்கு ஒன்றாக. சில மாதங்களுக்குப் பிறகு முதல் நிலை வால்வை மாற்றியபோது இரண்டு அடையாளங்களும் அரைப் பிரிவு தள்ளிப்போயின. இரண்டு சேனல்களின் முதல் நிலையும் ஒரே ஈசிசி83 வால்வின் இரண்டு பாதிகள். பழைய வால்வின் பாதிகளுக்கிடையே இருந்த விகிதம் புதிய வால்வில் அப்படியே இருக்க வேண்டும் என்பதில்லை. டேப்பை உரித்து, மறுபடி கேட்டு, மறுபடி ஒட்டினோம்.